சும்மா மண்ணுங்க

மரக்காணம்
12.9.2024

அன்புள்ள மலர்கொடிக்கு உன் அண்ணி ராசம்மாள் எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் சுரேசு தம்பியும் நல்லபடி இருக்கிறீர்களா? ஆஸ்டல் அடுப்படியில் நின்று நின்று உன் கால் வீங்கியதே, வடிந்ததா?

உன் மலையில் டவர் இல்லை. நீ டவுனுக்கு இறங்கினால்தான் போன். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து இதற்காவது ஆகட்டும் என்று எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உன் அண்ணன் போய் இன்றோடு நாற்பத்தெட்டு நாள். பதினாறு முடிந்து நீ பஸ் ஏறிய மறுவாரமே நான் அளத்துக்கு உப்பு வாரப் போய்விட்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. தண்ணி, தண்ணி என்று கேட்பாரே, டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொன்னார் என்று நான் டம்ளரை ஒளித்து வைப்பேனே, அந்த டம்ளர் இன்னும் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. எடுக்கவில்லை.

மேட்டின் கீழ்ப்புறம் அவரைப் புதைத்த இடத்தில் போட்ட முள் அப்படியே இருக்கிறது. நாய் கிளறவில்லை. தீட்டு இருப்பதால் மேட்டின் மேலேதான் நான் ஏறக் கூடாது, அடிவாரம் போகலாம் என்று செல்லப்பன் மாமா சொன்னார். மழைக்கு முன்னால் இன்னொரு கட்டு முள் வெட்டிப் போடணும்.

போன வாரம் ஆர்.ஐ. ஒருத்தர் வந்தார். மேட்டை அளத்துக்காரர்கள் குத்தகைக்குக் கேட்கிறார்களாம். ஏதோ கேட்டார், எழுதிக்கொண்டு போனார். வேறு விசேஷம் இல்லை.

மலைத் தண்ணியைக் காய்ச்சிக் குடி.

ராசம்மாள்


ஜவ்வாது மலை
30.9.2024

அன்பு அண்ணிக்கு மலர்கொடி வணக்கம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அவர் சுகம். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு என்று பட்டினி கிடக்காதீர்கள்.

ஆர்.ஐ. என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே கோயில் என்று ஒன்று இருந்தால் கையை நீட்டிக் காட்டலாம். நாம் இருளர் சனம், மாசிப் பௌர்ணமிக்குக் கடல்மண் சுமந்து ஏழு படி கட்டுவோம், கன்னியைக் கடலிலிருந்து கூப்பிடுவோம், மறுநாள் நம்ம கையாலேயே கலைத்துவிடுவோம். கல் வைக்கக் கூடாது, கூரை போடக் கூடாது, போட்டால் கன்னி அடைபட்டுப் போவாள் என்று அண்ணன் சொல்லும். மற்ற நாளில் வந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் மேடு. நம்ம வாய்தான் அதுக்குப் பட்டா.

காலனியில் யாரைக் கேட்டாலும் கன்னியப்பன் வீட்டைக் கேளுங்கள் என்றுதான் அனுப்புவார்கள். முதல் மண் அள்ளுகிற அண்ணன் இல்லை, உங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி அந்த வீடு என்றால் நீங்கள்தான்.

இங்கே மலைக்காரர்கள் யார் வந்து கேட்டாலும் தங்கள் சாமியைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். கேட்க ஆசையாக இருக்கும்.

உடனே பதில் எழுதுங்கள். வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள்.

மலர்கொடி


மரக்காணம்
22.10.2024

அன்புள்ள மலர்கொடிக்கு. சுகம். உங்கள் சுகத்துக்குக் குறை இல்லையே?

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. எழுத நேரம் இல்லை. இல்லை, நேரம் இருந்தது. மழை இறங்கிவிட்டதால் அளத்தில் வேலை நின்றுபோனது.

வி.ஏ.ஓ. ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மேட்டில் வழிபாடு எதுவும் இல்லை, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று இருக்கிறதாம். மேட்டைச் சரித்துப் பாத்தி கட்டி, ஓரத்தில் உப்பு கொடவுன் போடப் போகிறார்களாம். காலனியில் ஒரே சத்தம்.

நீ கேட்டதற்குப் பதில். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரி வருஷம் திரும்புகிற வரைக்கும் கடலிலிருந்து வருகிறவள் பேரை வாயில் எடுக்கக் கூடாதல்லவா. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் அதை இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். காலனியிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மழை நாளில் மலைப் பாதையில் வண்டி ஏறாதே.

ராசம்மாள்


ஜவ்வாது மலை
4.11.2024

அன்பு அண்ணிக்கு வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அழுதுவிட்டேன். அதிகாரி முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க எத்தனை பேருக்கு வரும். அண்ணன் உங்களைச் சரியாகத்தான் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தது. நான் சின்ன வயசில் உங்களைக் கருவாட்டுக் கண்ணி என்று கிண்டல் பண்ணியதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் பேசாமல் நின்றதே நம்ம வழக்கத்துக்குச் சாட்சி இல்லையா? நம்ம இருளர் சங்கத்தில் சொல்லுங்கள், விடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள் அண்ணி.

மலர்கொடி


மரக்காணம்
11.12.2024

மலர்கொடிக்கு. புயலை நியூசில் பார்த்திருப்பாய். கூரை போனது, சுவர் நிற்கிறது, நான் இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் சுகம்தானே?

போன வாரம் டவுனிலிருந்து போன் போட்டாய். "அண்ணி, நல்லாருக்கீங்களா"ன்னு கேட்டாய். நல்லா இருக்கேன்னு சொல்லி வைத்துவிட்டேன். வாயில் வராதது கையில் வருகிறதா பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவெளி ஏரித் தண்ணீர் காலனிக்குள் வந்தது. பிள்ளைகுட்டியோடு எல்லோரும் மேட்டில் ஏறிவிட்டார்கள். நான் ஏறவில்லை. வரப்புப் பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நின்றேன். செல்லப்பன் மாமா மேலேயிருந்து, "ஏறும்மா, உசுருக்கு மேல என்னா தீட்டு"ன்னு கத்தினார். ஏறவில்லை. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. பெண்கள் ஓடி வந்து, "கன்னியப்பன் பொண்டாட்டின்னா இவதான், செத்தாலும் நெறி தவற மாட்டா" என்றார்கள். முத்தம்மாள் என் காலைத் தொடக் குனிந்தாள்.

நான் தீட்டுக்காக நிற்கவில்லை. எந்த முகத்தோடு ஏறுவது என்று நின்றேன். உனக்கு எழுதியது பொய்.

அன்றைக்கு ஆர்.ஐ. அளத்துக்கே வந்தார். உச்சி வெயில். நான், ஜெயா, அம்சவல்லி, இன்னும் ஊர்த்தெருப் பெண்கள் நாலு பேர் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். நம்ம காலனி ஆள் நான் மட்டும்தான். மேஸ்திரி கண்ணாயிரம் கூட வந்தார். ஆர்.ஐ. மரியாதையாகத்தான் கேட்டார். "ஏம்மா, அந்த மேட்டுல உங்க ஆளுங்க கோயில் எதுனா இருக்குதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாயிரம், "கோயிலா? எலி வளை இருக்குது சார். இவங்க அதுக்குத்தான் கற்பூரம் காட்டுவாங்க" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். அம்சவல்லி, "என்னாடி ராசம்மா, எலிச் சாமியா உங்க சாமி?" என்றாள்.

நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க சார், சும்மா மண்ணுங்க" என்றேன். "பொணம் கிணம் பொதைக்கிறீங்களா?" என்று கேட்டார். அதற்கும் இல்லைங்க என்றேன். நான் நின்ற இடத்திலிருந்து உன் அண்ணன் மேல் போட்ட முள் தெரிந்தது.

எழுதின தாளில் கைநாட்டு வைக்க மைப் பெட்டியைத் திறந்தார்கள். நான் பேனாவைக் கேட்டு வாங்கி முழுப் பேரையும் எழுதினேன். "அட, கையெழுத்துப் போடுறியே"ன்னு ஆர்.ஐ. சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது மலர்கொடி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் சிரித்தேன் என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். இருபது வருஷமாக அவர்களோடு ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவர்கள் தூக்குச்சட்டியிலிருந்து எனக்குக் குழம்பு ஊற்றுவார்கள், என் சட்டியில் இருந்து வாங்க மாட்டார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்தபோது கூடச் சிரித்தால் நானும் அவர்களில் ஒருத்தி மாதிரி இருந்தது. அவ்வளவுதான். மிரட்டவில்லை, அடிக்கவில்லை, ஒன்றும் தருகிறேன் என்று சொல்லவில்லை.

சங்கத்தில் இருந்து அஸ்வினி என்று ஒரு பெண் வந்தாள், வக்கீலுக்குப் படித்தவள். நான் பேசாமல் நின்றதையே சாட்சியாக வைத்து மனு எழுதுகிறாள். நீ சொன்ன அதே யோசனை. நான் தலையை ஆட்டிவிட்டேன்.

குளிருக்குப் போர்த்திக்கொள்.

ராசம்மாள்


மரக்காணம்
8.1.2025

மலர்கொடிக்கு. நீயும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனும் இல்லை. தபால்காரரை நான் கேட்பதில்லை, அவரே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி திண்டிவனத்தில் விசாரணை. நான் பேசவே இல்லை என்று சொன்னால் போதும், மேடு நமக்கு நிற்கும் என்கிறாள் அஸ்வினி. ஆர்.ஐ. மாற்றலாகிப் போய்விட்டார். கண்ணாயிரம் சொல்வதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர் முதலாளி ஆள் என்கிறாள். பொய் சொன்னால் மேடு கிடைக்கும். உண்மை சொன்னால் போனாலும் போகும். நான் என்ன செய்யட்டும்? உன் அண்ணன் அங்கே படுத்திருக்கிறார். நீ சொன்னால் கேட்கிறேன்.

கால் வீக்கம் திரும்பவும் வந்துவிடப் போகிறது, பார்த்து நில்.

ராசம்மாள்


ஜவ்வாது மலை
16.1.2025

சிரிச்சீங்களா அண்ணி.

ஒரு மாதமாக எனக்கு அது ஒன்றுதான் கேட்கிறது. பேசினது கூட இல்லை, சிரிச்சது. படி கட்டும்போது பக்கத்தில் யாராவது சத்தமாகப் பேசினாலே அண்ணன் கையை நிறுத்திவிடும்.

சொல்லுங்கள் என்று சொல்ல மாட்டேன். சொல்லாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் வாய்.

மலர்கொடி


மரக்காணம்
29.1.2025

மலர்கொடிக்கு. நலம் கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகம்தானே?

நேற்று விசாரணை. காலனியில் இருந்து வேன் பிடித்து இருபது பேர் போனோம். அதிகாரி ஒரு அம்மா, சின்ன வயசு. மனுவையும் படித்தார், நான் கையெழுத்துப் போட்ட தாளையும் படித்தார்.

"நீங்க வாயே திறக்கலன்னு மனுவுல இருக்கு. இந்தத் தாளுல இல்லைன்னு சொன்னதா இருக்கு. எதும்மா சரி?"

அஸ்வினி என் முழங்கையை அழுத்தினாள். கண்ணாயிரம் எதிரே சுவரில் சாய்ந்து நின்றார்.

"சொன்னேம்மா. சிரிச்சிக்கிட்டே சொன்னேன்."

தீட்டு என்று சொன்னது பொய், கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது, அதனால் இல்லை என்றேன், என் புருஷனைப் புதைத்த இடத்தையும் இல்லை என்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்குப் பொய். இன்னிக்குச் சொல்றது நெசம்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"அன்னிக்கு இல்லன்னு சொன்னப்ப எல்லாரும் என்கூட சிரிச்சாங்கம்மா. இன்னிக்கு இத சொன்னதுக்கு எங்க ஆளுங்களே என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க. பொய் சொல்லி எனக்கு என்னா கெடைக்கப் போவுது?"

அந்த அம்மா மேசையில் இருந்த போட்டோக்களை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "கோயில் எங்கம்மா? போட்டோவுல ஒன்னுமே இல்லியே" என்றார்.

"கோயில் கட்ட மாட்டோம்மா. மாசிக்கு மண்ணுல ஏழு படி கட்டுவோம், மறுநாள் கலைச்சிடுவோம். கன்னி வந்துட்டுத் திரும்பிப் போறவ. கூரை போட்டா அடைபட்டுடுவா."

பேரைச் சொல்லிவிட்டேன் மலர்கொடி. வருஷம் திரும்பாமல், அத்தனை பேர் முன்னால். சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாசிப் பௌர்ணமிக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், அதுவரை மேட்டை யாரும் தொடக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அஸ்வினி, "ஜெயிக்கிற கேஸுங்க, ஏங்க இப்படிப் பண்ணீங்க"ன்னு அழுதாள். செல்லப்பன் மாமா, "பேரைச் சொல்லத்தான் போறேன்னா அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பாவி" என்றார். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்து சீட் காலியாக வந்தது. வேன் வாசலில் நாலு பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

படிக்கு முதல் மண் நம்ம வீட்டு ஆள் அள்ளணும். நான் அள்ளக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பதினாறோடு தீட்டுப் போய்விட்டது, நீ அள்ளலாம் என்று மாமா சொல்லி அனுப்பினார். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

தம்பியைக் கேட்டதாகச் சொல்.

ராசம்மாள்


ஜவ்வாது மலை
10.2.2025

அண்ணிக்கு.

வருகிறேன். அதிகாரி வந்து நிற்கும்போது படி எழும்பாமல் போனால் அண்ணனுக்குத்தான் கேவலம். லீவு சொல்லிவிட்டேன்.

முத்தம்மாள் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். எனக்குச் சோறு எடுத்து வர வேண்டாம். கூரை போட்டாச்சா?

மலர்கொடி


மரக்காணம்
3.7.2025

அன்புள்ள மலர்கொடிக்கு உன் அண்ணி ராசம்மாள். கூரை போட்டாச்சு. நீ மாசிக்கு முன்னால் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். உன் காலும் தம்பி உடம்பும் எப்படி இருக்கிறது?

ஆர்டர் வந்துவிட்டது. மேட்டையும் கீழ்ப்புறப் புதைகாட்டையும் விட்டுவிட்டு மற்ற இடத்தைத்தான் குத்தகைக்குக் கொடுக்கலாமாம். அஸ்வினி காலனியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். இருளர் மக்களின் வழிபாட்டு இடம் என்று எழுதியிருக்கிறது. இன்னொரு இடத்தில், இறந்தவரின் மனைவி ராசம்மாள் முதலில் மறுத்து, பிறகு தானே முன்வந்து ஒப்புக்கொண்டார் என்று இருக்கிறது. அந்த இடம் வந்ததும் அவள் வேகமாகப் படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். நம்ம சனம் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கும். வைத்திருக்கிற வரைக்கும் அந்த வரியும் இருக்கும்.

போன வாரம் சர்வேயர் வந்து நாலு மூலையிலும் கல் நட்டார். கண்ணாயிரமும் வந்திருந்தார். "என்னா ராசம்மா, இன்னிக்கு சிரிப்பு வரல?" என்றார். "வரலண்ணா. உனக்கு?" என்றேன். கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அளத்தில் இப்போது எனக்கு வேலை இல்லை. முத்தம்மாள் மருமகளோடு கழுவெளியில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிறேன். பேச மாட்டாள், ஆனால் கூடை தூக்கி விடுகிறாள்.

மாசியன்று நான் தெற்கு வரப்பில் நின்றேன். நீ பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தாயோ, தெரியாது. விடியும் முன்னாலேயே கூனிமேடு, அனுமந்தைப் பக்கத்து நம்ம ஆட்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நீ முதல் மண் அள்ளினாய். மூன்றாவது படி உனக்குச் சரிந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணி தெளி என்று கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நீயே தெளித்தாய். அதிகாரி அம்மா செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார்.

அம்சவல்லியும் ஜெயாவும் வேடிக்கை பார்க்க என் பக்கத்தில் வந்து நின்றார்கள். நீ கடலைப் பார்த்துக் கூப்பிட்டதும் அம்சவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இதத்தானாடி இல்லன்னு சொன்ன? நீ சொல்லியிருந்தா நாங்க ஏன் சிரிக்கப் போறோம்?" என்றாள்.

நீ மறுநாள் படியைக் கலைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாய். சரிதான்.

ஆடி பத்தோடு உன் அண்ணனுக்கு வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு நாத்தனார் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினால்தான் நான் ஏறலாம். வேறு யார் பிடித்தாலும் செல்லாது என்று உனக்கும் தெரியும். பேரைச் சொன்ன தப்புக்கு என்ன செய்வது என்று மாமாவைக் கேட்டேன். "அது அவ நாத்தனா பாடு" என்று சொல்லிவிட்டார்.

வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. பஸ் நேரம் மட்டும் எழுதுகிறேன். ஆடி பத்து சனிக்கிழமை வருகிறது. திண்டிவனத்தில் இருந்து காலை ஆறு பத்துக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று, எட்டேகாலுக்கு ஒன்று. ஏழு மணி பஸ்ஸில் நிற்கக் கூட இடம் இருக்காது. எட்டேகால் பஸ் காலியாக வரும், உனக்குக் கால் வலிக்காது. நான் ஆறு பத்து பஸ் வரும்போதிருந்தே ரோட்டில் நிற்பேன்.

ராசம்மாள்